துபாய் மரீனாவில் ஒரு பெட்ரூம், வாடகை 80,000: கையில் எவ்வளவு இருக்க வேண்டும்?

பதிவு 1 · புதுப்பயணி

எல்லோருக்கும் வணக்கம். துபாய் மீடியா சிட்டியில் வேலை, சம்பளம் 13,000 திர்ஹம். முதல் மாதம் கம்பெனி ஹோட்டல் தருகிறது. அதற்குள் வீடு பிடித்தாக வேண்டும். மனைவியும் இரண்டு வயதுப் பையனும் பின்னால் வருவார்கள். மரீனாவில் ஒரு பெட்ரூம், வருடத்துக்கு 80,000, நாலு செக், "சில்லர் ஃப்ரீ, கேனால் வியூ" என்று ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. வாடகை தவிர முதல் நாளில் என்னென்ன கட்ட வேண்டியிருக்கும்? சில்லர் ஃப்ரீ என்றால் ஏசி செலவே கிடையாதா? ஃபேமிலி விசாவுக்கு ஊரிலிருந்தே என்ன எடுத்து வர வேண்டும்?

பதிவு 2 · தேரா_காக்கா

தம்பி, வாடகையை அப்புறம் பேசுவோம். முதல்ல வரிசையைப் பிடிங்க. மெடிக்கல் முடிஞ்சாத்தான் எமிரேட்ஸ் ஐடி. ஐடி இருந்தாத்தான் பேங்க் அக்கவுண்ட். அக்கவுண்ட் இருந்தாத்தான் செக் புக். செக் கொடுத்தாத்தான் வீட்டுச் சாவி. கான்ட்ராக்டை இஜாரியில (அரசோட வாடகைப் பதிவு) பதிஞ்சாத்தான் தேவாக்காரன் (துபாய் மின்சார, தண்ணி வாரியம்) கரன்ட்டும் தண்ணியும் திறப்பான். அந்த இஜாரியைக் காட்டித்தான் வீட்டம்மாவுக்கு விசா போடணும். இதுல நடுவுல ஒண்ணு தடுக்குனா பின்னாடி இருக்கறது எல்லாம் நிக்கும்.

பெரும்பாலும் தடுக்குறது ரெண்டு இடத்துல. ஒண்ணு மெடிக்கல். எக்ஸ்ரேயில பழைய டிபி தழும்பு தெரிஞ்சா மறுபரிசோதனைன்னு நாள் இழுக்கும். இன்னொண்ணு செக் புக். அக்கவுண்ட் திறந்த அன்னிக்கே கையில தர மாட்டாங்க, புது ஆளுக்கு முதல் புக்குல தாளும் கொஞ்சமாத்தான் இருக்கும். அதனால ஹோட்டல்ல இருக்கற மாசமே உங்களுக்குக் கத்தி மேல நடக்கற மாசம். கம்பெனிகிட்ட இப்பவே ரெண்டு விஷயம் கேட்டு வைங்க: ஹோட்டலை இன்னும் ரெண்டு வாரம் நீட்டுவாங்களா, வீட்டுக்குக் கம்பெனி செக் கொடுத்து சம்பளத்துல பிடிச்சுக்குவாங்களா. ரெண்டாவது நடந்தா பாதி பாரம் இறங்கிடும்.

அப்புறம், மரீனான்னதும் கடல்னு நினைச்சுக்காதீங்க. பாலைவனத்தை வெட்டி கடல் தண்ணியை உள்ள விட்ட மூணு கிலோமீட்டர் வாய்க்கால் அது. அழகுதான், இல்லைன்னு சொல்லல. ஆனா அழகுக்கு வாடகை தனி.

பதிவு 3 · செக்_லீஃப்

கணக்கை மட்டும் சொல்கிறேன். 80,000 வாடகை, நாலு செக் (நாலு தவணைக்கும் தேதி போட்டு முன்கூட்டியே கொடுப்பது) என்றால் சாவி வாங்கும் நாளில் முதல் செக் 20,000. செக்யூரிட்டி டெபாசிட் வழக்கமாக 5 சதவீதம், அதாவது 4,000 (ஃபர்னிஷ்டு வீடு என்றால் 10 சதவீதம்). ஏஜென்ட் கமிஷன் 5 சதவீதம், 4,000. அதன் மேல் வாட் 200. இஜாரி டைப்பிங் சென்டரில் (அரசு விண்ணப்பம் பதிந்து தரும் கடை) செய்தால் 220 அளவில். தேவா டெபாசிட் ஃபிளாட்டுக்கு 2,000, இணைப்புக் கட்டணம் வரியோடு 130 சுற்று. கூட்டினால் 30,550. சில்லர் கம்பெனி தனியாக இருந்தால் அதன் டெபாசிட் வேறு. கட்டில், மெத்தை, கேஸ் அடுப்பு, வாஷிங் மெஷின் இதில் எதுவும் சேரவில்லை.

புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் விட்டுவிடுவது ஹவுசிங் ஃபீ. வருட வாடகையில் 5 சதவீதம், பன்னிரண்டாகப் பிரித்து ஒவ்வொரு மாத தேவா பில்லிலும் வரும். உங்களுக்கு 4,000-ஐ 12-ஆல் வகுத்தால் மாதம் 333. வாடகையின் மாதப் பங்கு 6,667. இரண்டும் சேர்ந்து சரியாக 7,000. கரன்ட், தண்ணீர், ஏசி, நெட் எல்லாம் அதற்கு மேல். 13,000 சம்பளத்தில் இது சரிப்பட்டு வருமா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். நான் என்றால் செய்ய மாட்டேன்.

அடுத்தது, அந்த விளம்பரம். மரீனாவில் ஒரு பெட்ரூம், கேனால் பார்த்தது, 80,000 என்றால் சந்தை விலையை விடக் குறைவாகத் தெரிகிறது. துபாய் லேண்ட் டிபார்ட்மென்ட்டின் ஸ்மார்ட் ரென்டல் இன்டெக்ஸில் அந்தக் கட்டடத்தைப் போட்டுப் பாருங்கள். விளம்பரத்தில் டிரக்கீசி (வீட்டு விளம்பர அனுமதி) பெர்மிட் நம்பரும் கியூஆர் கோடும் இருக்கிறதா? ஸ்கேன் செய்தால் அதே ஃபிளாட், அதே விலை வர வேண்டும். ஏஜென்ட்டின் ரேரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை அமைப்பு) கார்டு நம்பரை லேண்ட் டிபார்ட்மென்ட்டின் துபாய் ரெஸ்ட் ஆப்பில் தட்டிப் பார்க்கலாம். டைட்டில் டீடில் (சொத்துப் பத்திரம்) யார் பெயரோ அவர் பெயருக்குத்தான் செக் எழுத வேண்டும். "ஓனர் வெளிநாட்டில் இருக்கிறார், என் பெயரில் கொடுங்கள்" என்று ஏஜென்ட் சொன்னால் நோட்டரி செய்த பவர் ஆஃப் அட்டர்னியில் வாடகை வாங்கும் அதிகாரம் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் எழுந்து வந்துவிடுங்கள். வீட்டைக் காட்டும் முன்பே "புக்கிங் பணம்" கேட்பவரிடம் பேச்சே வேண்டாம்.

பதிவு 4 · டன்கணக்கு

சில்லர் ஃப்ரீ விஷயத்துக்கு வர்றேன் ப்ரோ. மூணு விதமா இருக்கும், ஏஜென்ட் மூணையும் ஒரே வார்த்தையில முடிச்சிடுவான்.

முதல் வகை, மாவட்டக் குளிர்விப்பு. எங்கேயோ ஒரு பிளான்ட்ல இருந்து 5, 6 டிகிரிக்குக் குளிர்ந்த தண்ணி பைப்புல கட்டடத்துக்கு வரும். எம்பவர், எமிகூல் மாதிரி கம்பெனி. உங்க ஃபிளாட்டுக்குத் தனி மீட்டர், தனி அக்கவுண்ட், தனி டெபாசிட். பில்லுல ரெண்டு பாகம். ஒண்ணு நீங்க உபயோகிச்ச குளிர்ச்சி, டன்-மணிக் கணக்கு. இன்னொண்ணு டிமாண்ட் சார்ஜ். உங்க ஃபிளாட்டுக்கு எத்தனை டன் ஒதுக்கியிருக்கோ அதுக்கு, நீங்க ஏசி போட்டாலும் போடாட்டியும் கட்டணும். மூணு டன் ஒதுக்கீடு, டன்னுக்கு வருஷம் 750 திர்ஹம்னு வச்சுக்கிட்டா வருஷம் 2,250, மாசம் 187.50. ஜனவரியில ஜன்னலைத் திறந்து வச்சு மிச்சம் பிடிக்கறவனுக்கும் இந்த 187.50 வரும்.

ரெண்டாவது வகை, கட்டடத்துக்கே சொந்தமா மாடியில சில்லர் இருக்கும். அது ஓடற செலவு ஓனர் கட்டற சர்வீஸ் சார்ஜுக்குள்ள போயிடும். இதுதான் நிஜமான சில்லர் ஃப்ரீ. அப்பவும் உங்க சீலிங்குக்கு மேல இருக்கற ஃபேன் காயில் யூனிட்டோட மோட்டார் உங்க தேவா மீட்டர்லதான் ஓடும். சின்னத் தொகை, பயப்பட வேண்டாம்.

மூணாவது வகை, ஸ்பிளிட் அல்லது பேக்கேஜ் யூனிட். சில்லரே கிடையாது, அதனால "சில்லர் பில் இல்லை"ன்னு சத்தியமே பண்ணுவான். ஆனா கம்ப்ரஸர் முழுக்க உங்க கரன்ட்டுல ஓடும். தேவால முதல் 2,000 யூனிட் வரைக்கும் யூனிட் 23 ஃபில்ஸ் (100 ஃபில்ஸ் ஒரு திர்ஹம்), அதுக்கு மேல 28, அப்படியே படி ஏறும், எரிபொருள் சர்சார்ஜ் தனி. ஆகஸ்ட் பில்லு கையைச் சுடும்.

அதனால ஏஜென்ட்கிட்ட "சில்லர் ஃப்ரீயா"ன்னு கேக்காதீங்க. "பழைய டெனன்ட்டோட ஆகஸ்ட் மாச தேவா பில்லும் சில்லர் பில்லும் காட்டு"ன்னு கேளுங்க. சில்லர் செலவு ஓனரோடதுன்னா அதைக் கான்ட்ராக்ட்ல ஒரு வரி எழுதச் சொல்லுங்க. விளம்பரத்துல இருக்கறது கோர்ட்டுல நிக்காது.

இன்னொண்ணு, கண்ணாடி எந்தப் பக்கம் பார்க்குதுன்னு கவனிங்க. மேற்கே பார்த்த கடல் வியூதான் விலை அதிகம். மதியம் மூணு மணியில இருந்து சூரியன் நேரா உள்ள வர்றதும் அதே கண்ணாடியிலதான். அதே அளவு ஃபிளாட், வடக்கு பார்த்ததுல குளிர்ச்சி கம்மியா போதும்.

பதிவு 5 · பர்துபாய்_அக்கா

தம்பி, பேப்பர் விஷயம் என் பங்கு. ஃபேமிலி விசாவுக்குச் சம்பளத் தகுதி 4,000 திர்ஹம், அல்லது 3,000-உம் கம்பெனி தரும் வீடும். அது உங்களுக்குத் தடையில்லை. தடை வருவது கல்யாணச் சர்டிபிகேட்டில்.

கோயிலில் கொடுத்த ரசீது, சர்ச் லெட்டர், ஜமாத் தப்தர் எதுவும் தனியாகச் செல்லாது. சார்பதிவாளர் ஆபீஸில் பதிந்த திருமணச் சான்றிதழ் வேண்டும். அது சென்னை தலைமைச் செயலகத்தில் சான்றொப்பம், பிறகு இந்திய வெளியுறவு அமைச்சகம், பிறகு அமீரகத் தூதரகம், கடைசியாக இங்கே அமீரக வெளியுறவு அமைச்சகம், இந்த வரிசையில் முத்திரை வாங்க வேண்டும். பையனின் பிறப்புச் சான்றிதழுக்கும் இதே பாதைதான். ஊரில் சில ஏஜென்ட்டுகள் "அப்போஸ்டில் (ஒப்பந்த நாடுகள் ஏற்கும் ஒரே முத்திரை) போட்டாலே போதும்" என்று சொல்லிக் காசு வாங்கிவிடுவார்கள். அமீரகம் அந்த அப்போஸ்டில் ஒப்பந்தத்தில் இல்லை. அப்போஸ்டில் ஒட்டிய சர்டிபிகேட்டை இங்கே கொண்டுவந்தால் திரும்ப ஊருக்குத்தான் அனுப்ப வேண்டும்.

நம்ம ஊர்க்காரர்களுக்கே உரிய சிக்கல், பெயர். பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலியாக, ஒரே சொல்லில் பெயர் இருந்தால் 2022 நவம்பர் முதல் அமீரகத்தில் நுழையச் சிக்கல். கடைசிப் பக்கத்தில் அப்பா பெயர் அல்லது குடும்பப் பெயர் இருந்தால் ஏற்றுக்கொள்கிறார்கள் என்று பின்னால் விளக்கம் வந்தது. ஆனாலும் ஏர்போர்ட் கவுண்டரில் நின்று வாதாடுவதைவிட, வீட்டம்மாவின் பாஸ்போர்ட்டை இப்போதே எடுத்துப் பாருங்கள். ஒற்றைப் பெயர் என்றால் டிக்கெட் போடும் முன் மாற்றிவிடுங்கள். பெயரை மாற்றினால் திருமணச் சான்றிதழில் இருக்கும் பெயரோடு ஒத்துப்போகிறதா என்றும் பார்க்க வேண்டும். ஒன்றில் "எஸ். கவிதா", இன்னொன்றில் "கவிதா சண்முகம்" என்று இருந்தால் டைப்பிங் சென்டரிலேயே திருப்பிவிடுவார்கள்.

கடைசியாக இன்ஷூரன்ஸ். உங்களுக்குக் கம்பெனி எடுத்தே ஆக வேண்டும். மனைவி மக்களுக்கு எடுப்பது ஸ்பான்சரான உங்கள் பொறுப்பு, கம்பெனி தந்தால் அது அவர்கள் பெருந்தன்மை. விசா செலவில் அதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

பதிவு 6 · யாழ்க்கரை

அக்கா சொன்னது இந்தியாக்காரருக்கு. இலங்கைப் பாஸ்போர்ட்காரர் யாராவது வாசித்தால்: விவாகப் பதிவுச் சான்றிதழை முதலில் வெளிநாட்டு அமைச்சின்ர கொன்சியூலர் பிரிவில் உறுதிப்படுத்தி, பிறகு கொழும்பில இருக்கிற அமீரகத் தூதரகத்துக்குக் கொண்டு போக வேணும். தமிழில் எழுதின பழைய பதிவு என்றால் மொழிபெயர்ப்பையும் சேர்த்தே உறுதிப்படுத்துங்கோ. பிறகு தனியா அலைய வேண்டி வரும்.

பதிவு 7 · புதுப்பயணி

மிக்க நன்றி. விளம்பரத்தில் பெர்மிட் நம்பரே இல்லை, விட்டுவிட்டேன். இன்னும் இரண்டு சந்தேகம். மரீனா கட்டாது என்றால் வேறு எங்கே பார்க்கலாம்? ஹாலில் ஒரு பார்டிஷன் போட்டு ஒரு பேச்சலருக்கு விட்டால் வாடகை பாதியாகும் என்று ஆபீஸில் ஒருவர் சொல்கிறார். செய்யலாமா?

பதிவு 8 · தேரா_காக்கா

பார்டிஷன் பேச்சே எடுக்காதீங்க. 2025 ஜூன்ல முனிசிபாலிட்டி ரிக்கா, முரக்கபாத், சத்வா, பர்ஷா, ரஃபா ஏரியாவுல எல்லாம் இறங்கி ஜிப்சம் பலகையைப் பிடுங்கிப் போட்டாங்க. ஓனரோட எழுத்து அனுமதி இல்லாம உள்வாடகை விட்டா, அதையே காரணமா வச்சு உங்களையும் சேர்த்துக் காலி பண்ணச் சொல்லலாம். சொந்தக் குடும்பமே ஆனாலும் உள்ள தங்கறவங்க பேரை துபாய் ரெஸ்ட் ஆப்புல கோ-ஆக்குபன்ட்னு ஏத்தணும்.

இடம் பார்க்கறதுன்னா மெட்ரோ சிவப்புக் கோட்டைப் பிடிச்சுத் தேடுங்க. ஆபீஸ் மீடியா சிட்டின்னா டிஸ்கவரி கார்டன்ஸ் பக்கம், பெரிய குளம் குட்டை வியூ இல்லைன்னாலும் மரம் இருக்கு, 2021-ல இருந்து மெட்ரோவும் இருக்கு. கராமா, பர் துபாய்ல இருந்தா முருங்கைக்காயும் இட்லி மாவும் கீழே இறங்கினா கிடைக்கும், ஆனா ரயில்ல நேரம் போகும். அல் நஹ்தாவுல வாடகை கொஞ்சம் இறங்கும். அங்கிருந்து பச்சைக் கோட்டுல ஏறி சிவப்புக்கு மாறி மீடியா சிட்டி போறதுன்னா ஒரு பக்கமே ஒரு மணி நேரத்துக்கு மேல. நோல் சில்வர் கார்டுல ஒரு தடவைக்கு தூரத்தைப் பொறுத்து 3, 5, 7.50 திர்ஹம். தினம் போனா எல்லா ஸோனுக்குமான மாசப் பாஸ் 350. ஸ்டேஷன் பேரை மட்டும் மனப்பாடம் பண்ணாதீங்க, விளம்பர ஒப்பந்தத்துக்குத் தக்கபடி மாறிக்கிட்டே இருக்கும். மேப்புல பழைய பேரு, போர்டுல புதுப் பேரு.

ஷார்ஜா வாடகை கண்ணைப் பறிக்கும். காலை ஏழு மணிக்கு துபாய் வர்ற இத்திஹாத் ரோட்டு நெரிசலை ஒரு தடவை பார்த்துட்டு முடிவு பண்ணுங்க. இந்திய லைசென்ஸை இங்க நேரா மாத்த முடியாது, டெஸ்ட் எழுதி ஓட்டிக் காட்டணும். கார் வந்தா சாலிக் கேட்டுக்கு (சாலைச் சுங்கம்) நெரிசல் நேரத்துல ஒரு தடவைக்கு 6 திர்ஹம், மத்த நேரம் 4. நள்ளிரவு ஒண்ணுல இருந்து ஆறு வரைக்கும் சும்மா.

பதிவு 9 · நடுத்தெரு

இன்னொரு விஷயம் யாரும் சொல்லல. இன்னிக்கு 80,000-க்குப் போறீங்க, இன்டெக்ஸ்ல 110,000 காட்டுதுன்னா அடுத்த வருஷம் ஓனர் 15 சதவீதம் ஏத்துவார். 30,000 வித்தியாசம், 80,000-ல அது 37.5 சதவீதம். 31-ல இருந்து 40-க்குள்ள வந்தா 15. அதாவது 92,000. ரெடியா இருங்க.

பதிவு 10 · செக்_லீஃப்

நடுத்தெரு, இதே தப்பைத்தான் ஓனர்களும் செய்கிறார்கள், சிலர் தெரிந்தே. 2013-ஆம் ஆண்டின் 43-ஆம் எண் ஆணைப்படி வித்தியாசத்தை உங்கள் வாடகையால் வகுக்கக் கூடாது, சராசரி சந்தை வாடகையால் வகுக்க வேண்டும். 30,000-ஐ 110,000-ஆல் வகுத்தால் 27.3 சதவீதம். 10 சதவீதம் வரை குறைவாக இருந்தால் ஏற்றமே கிடையாது. 11 முதல் 20 வரை 5 சதவீதம், 21 முதல் 30 வரை 10, 31 முதல் 40 வரை 15, அதற்கு மேல் 20. நம் கணக்கு 10 சதவீதத்தில் விழுகிறது. ஆக உச்சவரம்பு 88,000. தப்பான வகுத்தலில் 4,000 திர்ஹம் போய்விடும்.

அந்த ஏற்றத்துக்கும், கான்ட்ராக்ட் முடிய 90 நாளுக்கு முன் தகவல் தர வேண்டும். 60-ஆம் நாள் வாட்ஸ்ஆப்பில் "நியூ ரென்ட்" என்று வந்தால், பழைய வாடகைக்கே புதுப்பிக்கக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. ஓனர் செக்கை வாங்க மறுத்தால் சும்மா இருந்துவிடக் கூடாது. வாடகை கட்டவில்லை என்று அவரே கேஸ் போட வழி கிடைத்துவிடும். ரென்டல் டிஸ்ப்யூட் சென்டரில் "ஆஃபர் அண்ட் டெபாசிட்" முறையில் பணத்தைச் செலுத்திவிட வேண்டும். அங்கே வழக்குப் போடக் கட்டணம் வருட வாடகையில் 3.5 சதவீதம், குறைந்தது 500.

காலி பண்ணச் சொல்வது தனிச் சங்கதி. விற்கப் போகிறேன், நானே குடியேறப் போகிறேன் என்றால் 12 மாத நோட்டீஸ், அதுவும் நோட்டரி வழியாகவோ ரிஜிஸ்டர்டு தபாலிலோ. இமெயில் செல்லாது. தானே குடியேறுவதாகச் சொல்லிக் காலி செய்துவிட்டு இரண்டு வருடத்துக்குள் வேறு ஆளுக்கு விட்டால் நஷ்டஈடு கேட்கலாம். அதனால் காலி செய்த பிறகும் அந்த நோட்டீஸைத் தூக்கிப் போடாதீர்கள்.

கையெழுத்துப் போடும் முன் கேட்டு வாங்க வேண்டிய ஒரே ஷரத்து, நடுவில் காலி செய்வது. சட்டம் அந்த உரிமையைத் தானாகத் தருவதில்லை. வேலை போனாலும், ஊருக்கு மாற்றல் ஆனாலும், மீதி செக்குகள் ஓனர் கையில்தான் இருக்கும். "இரண்டு மாத நோட்டீஸ், இரண்டு மாத வாடகை அபராதம்" என்று ஒரு வரி கான்ட்ராக்ட் இணைப்பில் எழுதிக்கொண்டால் போதும். செக் திரும்பினால் முன்போல உடனே போலீஸ் கேஸ் ஆவதில்லை. 2022 ஜனவரியிலிருந்து பணம் போதாமல் திரும்பிய செக்கைக் கொண்டு ஓனர் நேரே எக்ஸிக்யூஷன் கோர்ட்டுக்கு (பணத்தை வசூலித்துத் தரும் கோர்ட்) போகலாம். அக்கவுண்ட் முடக்கம், பயணத்தடை எல்லாம் அங்கிருந்து வரும். ஜெயில் இல்லை என்று நிம்மதியாக இருக்கிற விஷயமில்லை.

பதிவு 11 · நடுத்தெரு

சரிதான், நான் வகுத்தது தப்பு. திருத்தத்துக்கு நன்றி.

பதிவு 12 · நெறியாளர்

இடையில் வந்த ஒரு பதிவில் இருந்த ஏஜென்ட் தொலைபேசி எண் நீக்கப்பட்டது. இந்த இழையில் வீடு விளம்பரம் வேண்டாம்.

பதிவு 13 · புதுப்பயணி

டன்கணக்கு அண்ணாவுக்கு ஒரு கேள்வி. இன்று பார்த்த ஃபிளாட்டில் பெட்ரூம் சீலிங்கில் ஏசி பக்கத்தில் பழுப்பு வட்டம் இருந்தது. "பெயின்ட் அடித்துத் தருகிறோம்" என்றார்கள். எடுக்கலாமா?

பதிவு 14 · டன்கணக்கு

பெயின்ட் அடிக்கறதுக்கு முன்னாடி காரணம் கேளுங்க. ரெண்டு சாத்தியம்.

வட்டம் யூனிட்டுக்கு நேர் கீழே இருந்தா, டிரெயின் பேன் (சொட்டுற தண்ணியைப் பிடிக்கற தட்டு) நிரம்பி வழிஞ்சிருக்கு. காயில்ல படற ஈரம் சொட்டி பேனுல விழும், அங்கிருந்து ஒரு வளைஞ்ச பைப், அதாவது டிராப் வழியா வெளியே போகும். தூசியும் பாசியும் சேர்ந்து கொழகொழன்னு அடைச்சுக்கும். டெக்னீசியன் வெட் வேக்குவம் வச்சு வெளிப்பக்கத்துல இருந்து உறிஞ்சினா பத்து நிமிஷ வேலை. வட்டம் பைப் போற பாதையில நீளமா இருந்தா, குளிர்தண்ணி பைப்போட இன்சுலேஷன் கிழிஞ்சு வேர்க்குது. இது டிரெயின் கழுவினா போகாது. சீலிங்கைத் திறந்து இன்சுலேஷன் மாத்தணும், அது ஓனர் செலவு. சாவி வாங்கறதுக்கு முன்னாடி செய்யச் சொல்லுங்க.

இப்ப முக்கியமான ஒண்ணு. ஜூலையில ஊருக்குப் போறவங்க ஏசியை முழுசா அணைச்சிட்டுப் போவாங்க. திரும்பி வந்து போட்டா அன்னிக்கே சீலிங்ல இருந்து தண்ணி கொட்டும், "போகும்போது நல்லாத்தானே இருந்துச்சு"ன்னு சண்டை. என்ன ஆகுதுன்னா, ஒரு மாசத்துல டிராப்புல நின்ன தண்ணி காய்ஞ்சு போயிடும். பல யூனிட்டுல ஃபேன் காற்றைக் காயில் வழியா இழுக்கற மாதிரி இருக்கும், பேன் இருக்கற இடத்துல உறிஞ்சல். டிராப்புல தண்ணி இருந்தா அது அடைப்பு மாதிரி நின்னு காத்தைத் தடுக்கும். காய்ஞ்சு போனா ஃபேன் டிரெயின் பைப் வழியா காத்தை உள்ள உறிஞ்சும், அந்தக் காத்து பேன்ல இருக்கற தண்ணியைக் கீழ போக விடாது. பேன் நிரம்பி வழியும். வந்த உடனே ஹேட்சைத் திறந்து பேன்ல அரை லிட்டர் தண்ணி மெதுவா ஊத்திட்டு அப்புறம் ஏசி போட்டா இந்தத் தொல்லையே இல்ல.

அதைவிட நல்லது, அணைக்காமலே போறது. 26, 27-ல வச்சு, ஃபேனை "ஆட்டோ"வுல விடுங்க. "ஆன்"ல விட்டா வால்வு மூடின பிறகும் ஃபேன் ஓடி, காயில்ல ஒட்டியிருக்கற ஈரத்தைத் திரும்ப ரூமுக்கே ஊதிவிடும். அலமாரிக் கதவைத் திறந்து வச்சிட்டுப் போங்க. பாத்ரூம் எக்ஸாஸ்டை அணைச்சிடுங்க, அது ஓடினா கதவிடுக்கு வழியா வெளி ஈரக்காத்தை உள்ள இழுக்கும். தண்ணிக்கரை ஏரியாவுல ஆகஸ்ட் ராத்திரி காத்து எப்படின்னா, வெளியே வந்ததும் மூக்குக் கண்ணாடி முழுக்க வெள்ளையாயிடும். அந்தக் காத்து மூடின வீட்டுக்குள்ள ஒரு மாசம் நின்னா தோல் பெல்ட், சூட்கேஸ், பட்டுப்புடவை எல்லாத்துலயும் பூஞ்சை. ஃபில்டர் மாசம் ஒரு தடவை குழாய்ல கழுவி நிழல்ல காயவச்சுப் போடுங்க, அது நீங்களே செய்யலாம்.

பழைய கட்டடம் எடுத்தீங்கன்னா ஒரு குறிப்பு. மொட்டைமாடித் தொட்டி வெயில்ல காய்ஞ்சு, கோடையில பச்சைத்தண்ணிக் குழாயைத் திறந்தா வெந்நீர் வரும். ஜூன்லயே வாட்டர் ஹீட்டரை அணைச்சிடுங்க. ஹீட்டர் டாங்க் வீட்டுக்குள்ள ஏசியில இருக்கறதால அதுல நின்ன தண்ணி ஆறிடும். குளிக்கறதுக்கு வெந்நீர்க் குழாயைத் திறங்க. சின்னப் பிள்ளை இருக்கற வீட்டுல இது கட்டாயம். நேரா பச்சைத்தண்ணிக் குழாய்க்கு அடியில பிள்ளையை நிறுத்தாதீங்க.

பதிவு 15 · பர்துபாய்_அக்கா

சில்லறையாக ஒன்று. ஓனர் கட்டடத்துக்கு இன்ஷூரன்ஸ் வைத்திருப்பார், அது உங்கள் கட்டில் பீரோவுக்குச் சேராது. மரீனாவில் டார்ச் டவர் 2015-இலும் 2017-இலும் எரிந்தது, 2025 ஜூனில் மரீனா பினக்கிள். ஹோம் கன்டென்ட்ஸ் பாலிசி தனியாக எடுங்கள், பெரிய தொகை ஆகாது. பாஸ்போர்ட், அட்டெஸ்ட் செய்த சர்டிபிகேட் எல்லாம் ஒரே பையில் கதவுப் பக்கம் இருக்கட்டும்.

கார் வாங்கினால் 2024 ஏப்ரல் 16 மழையை நினைவில் வையுங்கள். பேஸ்மென்ட் பார்க்கிங்கில் நின்ற வண்டிகள் முங்கின. தேர்டு பார்ட்டி மட்டும் எடுத்தவர்களுக்கு ஒன்றும் கிடைக்காது. காம்பிரிஹென்சிவ் எடுத்து, வெள்ளத்தைத் தவிர்க்கும் வரி இருக்கிறதா என்று படியுங்கள். தண்ணீர் ஏறிய வண்டியை ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள். இன்ஜினுக்குள் தண்ணீர் போனால் க்ளெய்மும் சேர்ந்து போகும்.

பதிவு 16 · செக்_லீஃப்

வீட்டுக்கு வெளியே ஒன்று. ஆஃபர் லெட்டரில் 13,000 எப்படிப் பிரிந்திருக்கிறது என்று பார்த்தீர்களா? கிராட்டுவிட்டி பேசிக்கில்தான் கணக்கு. முதல் ஐந்து வருடத்துக்கு வருடத்துக்கு 21 நாள் பேசிக், அதன் பிறகு 30 நாள். பேசிக் 5,200 என்றால் 5,200-ஐ 30-ஆல் வகுத்து 21-ஆல் பெருக்க, வருடத்துக்கு 3,640. பேசிக் 7,800 என்றால் 5,460. வேலையிழப்புக் காப்பீடும் பேசிக்கில் 60 சதவீதம், அதிகபட்சம் மூன்று மாதம். தொடர்ந்து 12 மாதம் கட்டியிருக்க வேண்டும், நீங்களாக ராஜினாமா செய்தால் கிடையாது. அதற்கு மாதம் 5 திர்ஹம்தான் (பேசிக் 16,000-க்கு மேல் என்றால் 10), கட்டாமல் விட்டால் 400 அபராதம். லேபர் கான்ட்ராக்ட் பதிவாகும் முன் பேசிக்கை உயர்த்தச் சொல்லிக் கேளுங்கள். பிறகு கேட்டால் நடக்காது.

பதிவு 17 · புதுப்பயணி

பேசிக் 5,200 தான் போட்டிருக்கிறார்கள், நாளை எச்ஆரிடம் பேசுகிறேன். டிஸ்கவரி கார்டன்ஸில் ஒன்று பிடித்திருக்கிறது, டைட்டில் டீடும் பெயரும் ஒத்துப்போகிறது. சாவி வாங்கும் நாளில் வேறு என்ன பார்க்க வேண்டும்?

பதிவு 18 · தேரா_காக்கா

கதவுக்கு வெளியே சின்னத் தகட்டுல ஒன்பது இலக்க தேவா நம்பர் இருக்கும், இஜாரியில இருக்கற நம்பரோட ஒத்துப் பாருங்க. தப்பா இருந்தா பக்கத்து வீட்டுக்காரன் கரன்ட்டை நீங்க கட்டுவீங்க. பழைய டெனன்ட் ஃபைனல் பில் கட்டினதுக்கு அத்தாட்சி வாங்குங்க. சாமான் ஏத்தற லிஃப்ட்டுக்கு பில்டிங் மேனேஜ்மென்ட்ல மூவ்-இன் பெர்மிட் முன்கூட்டியே எடுக்கணும், இல்லைன்னா லாரியைக் கீழேயே நிறுத்தி வச்சிடுவாங்க. உள்ள போனதும் ஒவ்வொரு ஏசியையும் அரை மணி நேரம் ஓட விடுங்க, எல்லாக் குழாயையும் ஒரே நேரத்துல திறந்து பாத்ரூம் டிரெயின் ஓடுதான்னு பாருங்க, சுவர்க் கீறல் வரைக்கும் வீடியோ எடுத்து அன்னிக்கே ஓனருக்கு இமெயில்ல அனுப்பிடுங்க. டெபாசிட் திரும்பி வர்றது அந்த வீடியோவுலதான் இருக்கு. சாவி எத்தனைன்னு எண்ணி எழுதி வாங்குங்க. லெட்டர் பாக்ஸ் சாவியை எல்லாரும் மறந்துடுவாங்க, நாத்தூர்கிட்ட (பில்டிங் வாட்ச்மேன்) கேளுங்க.